பழைய காரும் மும்பைக் காற்றும்

மும்பையின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29-ஆம் தேதி தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. கறுப்பு-மஞ்சள் டாக்ஸிக்கு இந்த நகரத்தில் 20 ஆண்டுதான் ஆயுள் என்பது விதி. அந்தக் கெடு முடிந்ததும், 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்ஸி என்ற இனமே சாலையில் இல்லாமல் போனது. செய்தித்தாள்கள் அதற்கு விடைகொடுத்து உருக்கமாக எழுதின. அந்த வண்டிகள் அத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தன என்று அதிகம் பேர் கேட்கவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உருக்கத்தைவிட அந்தக் கேள்விதான் உதவும்.

பத்மினியின் பூர்வீகம் இத்தாலி. ஃபியட் 1100 என்ற காரை 1964-இல் 'டிலைட்' என்ற பெயரில் குர்லாவில் உள்ள பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை கொண்டுவந்தது. எழுபதுகளில் அதற்குப் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சி.சி. இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். இன்றைய கண்ணுக்கு அதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தெரியாது. ஆனாலும் பகலுக்கு ஒரு டிரைவர், இரவுக்கு ஒரு டிரைவர் என்று கைமாறி, கொலாபாவுக்கும் தாதருக்கும் சயானுக்கும் இடைவிடாமல் அது ஓடியது.

இப்போது மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு ஹவுசிங் சொசைட்டியின் காம்பவுண்டுக்குள் போய்ப் பாருங்கள். துணி போர்த்திய ஒரு மாருதி 800 அல்லது சான்ட்ரோ நிற்கும். வீட்டுக்காரர் வேலைக்கு லோக்கல் ரயிலில் போகிறவர். கார் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திக சமாஜத்துக்கோ செடா நகர் முருகன் கோயிலுக்கோ போய்வரும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஓடியது நாற்பதாயிரம் கிலோமீட்டர்கூட இருக்காது. "வண்டி புதுசு மாதிரிங்க, ஓடவே இல்லை" என்பார் உரிமையாளர். அந்தக் காரைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் தரைத்தகடு செதில் செதிலாக உதிரும். ஆயில் கறுத்திருக்கும், டயரின் பக்கச்சுவரில் கோடு கோடாக வெடிப்பு ஓடும்.

கார் வாங்கும்போது தரும் கையேட்டில், ஆயில் மாற்ற வேண்டிய இடத்தில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது என்று எழுதியிருக்கும். எல்லோரும் முதல் பாதியை மட்டும் படிக்கிறோம். கடற்கரையில், ஆண்டுக்கு நான்கு மாதம் நனைந்து கிடக்கும் மும்பையில், குறைவாக ஓடும் காருக்கு மாதக் கணக்கே பெரும்பாலும் முந்துகிறது. இங்கே பழைய காரை அழிப்பது தேய்மானத்தைவிட நீரும் உப்பும்தான். அவை கிலோமீட்டர் பார்ப்பதில்லை. வண்டி நிற்கும்போதும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன.

இன்ஜினுக்குள்ளிருந்தே தொடங்கலாம். பெட்ரோல் எரிந்தால் புகை வரும் என்பது தெரிந்ததே. தண்ணீர் வரும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. ஹைட்ரஜன் எரிந்தால் நீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து முடிந்தால் உருவாகும் நீர் 900 மில்லிலிட்டருக்கு மேல். ஒரு கிலோ மீத்தேன், அதாவது சி.என்.ஜி.யின் பெரும்பகுதியான வாயு, எரிந்தால் இரண்டே கால் கிலோ நீர். சூடான இன்ஜினில் இது ஆவியாகவே சைலன்சர் வழியே வெளியேறிவிடுகிறது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் சைலன்சர் முனையில் சொட்டுகிற நீர் இதில் ஒரு பங்கு.

இந்த ஆவி முழுவதும் சைலன்சருக்குப் போவதில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே வளையங்கள் இருந்தாலும், ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் வாயு அவற்றைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் கசியும். ஆயில் நன்றாகச் சூடேறியிருந்தால், அங்கே போன நீர் மறுபடி ஆவியாகி பிரீதர் குழாய் வழியே போய்விடும். ஆயில் சூடாகாவிட்டால் அது நீராகக் குளிர்ந்து ஆயிலோடு கலக்கிறது. கூடவே எரியாத பெட்ரோலும், எரிதலில் பிறந்த நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்து மெல்லிய அமிலமாகின்றன. இந்த அமிலத்தை முறிக்கத்தான் இன்ஜின் ஆயிலில் காரத்தன்மையுள்ள சேர்மானங்கள் போடுகிறார்கள். வேலை செய்யச் செய்ய அந்தக் காரம் தீர்ந்துகொண்டே வரும். தீர்ந்தபின் அமிலம் பேரிங்கின் மென்மையான உலோகத்தை அரிக்கத் தொடங்கும்.

டாஷ்போர்டில் வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் வெப்பம். ஆயில் அந்த நிலைக்கு வர இன்னும் வெகுநேரம் ஆகும். மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்கூட இராது. ஞாயிறு காலை, காலியான சாலையில், ஆயில் முழுச்சூடு அடைவதற்குள் கோயில் வாசல் வந்துவிடும். தரிசனம் முடிவதற்குள் வண்டி ஆறிவிடும். வீடு திரும்பும்போதும் இதே கதை.

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் நடத்தும் சின்ன கேரேஜில் இதைக் கண்ணால் பார்த்தேன். செம்பூரிலிருந்து வந்த ஒரு பழைய வேகன்-ஆர். மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். உள்பக்கம் முழுக்க மஞ்சள் கலந்த வெள்ளைப் பசை.

"இதப் பாருங்க சார், மோரு கணக்கா இருக்குல்லா?"

வண்டிக்காரர் பதறினார். "ஹெட் கேஸ்கட் போயிடுச்சா?"

"அது போயிருந்தா கூலன்ட் கொறையும்லா, கொறையல. சைலன்சர்ல வெள்ளப் புகையும் இல்ல. வண்டி சூடாவுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிருதீய, அதான். வாஷி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க. ஆயில் சூட்டோட இருக்கும்போதே எறக்கிருவோம்."

அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் செய்தது நல்ல மருத்துவரின் வேலை. ஆயிலும் நீரும் கலந்த பசைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஹெட் கேஸ்கட் கிழிந்து கூலன்ட் உள்ளே வந்திருந்தால் பெரிய செலவு. வெறும் ஈரம் குளிர்ந்து படிந்திருந்தால் நீண்ட ஓட்டமும் ஆயில் மாற்றமும் போதும். கூலன்ட் மட்டத்தையும் புகையின் நிறத்தையும் வைத்து அவர் இரண்டையும் பிரித்தார். ஆயிலைச் சூட்டோடு இறக்கச் சொன்னதிலும் காரணம் உண்டு. சூடான ஆயில் இளகி ஓடும்போது அடியில் படிந்த கசடையும் சேர்த்துக் கொண்டுவரும்.

டாக்ஸிக்கு இந்தத் தொல்லை வராததற்குக் காரணம் இதுதான். அதன் இன்ஜின் நாள் முழுக்கச் சூடாகவே இருந்தது, நீர் தங்க வழியில்லை. இன்னொன்றும் உண்டு. ஓடும் இன்ஜினில் சுழலும் தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிப்புள்ள ஆயில் படலம் தண்டைத் தாங்கிப் பிடிக்கிறது. சுழற்சிதான் அந்தப் படலத்தை உண்டாக்கும். வண்டி ஒரு வாரம் நின்றால் ஆயில் வடிந்து கீழே போய்விடும், கிளப்பும் முதல் சில நொடிகள் உலோகத்தோடு உலோகம் உரசும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது, ஆயிலில் சேர்த்த துத்தநாக-பாஸ்பரஸ் கலவை உலோகத்தின் மேல் பூசிவைத்த மெல்லிய தோல் மட்டுமே. டாக்ஸி ஒரு நாளில் ஓடும் தூரத்துக்குக் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவது ஒன்றிரண்டு முறை. ஞாயிறு காருக்கு அதே தூரத்தை ஓட எத்தனை குளிர்ந்த தொடக்கங்கள் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே, குறைவாக ஓடும் காருக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியே தீர வேண்டும், ஓடியது 2,000 கிலோமீட்டராக இருந்தாலும். மும்பையில் அதற்கு ஏற்ற மாதம் அக்டோபர் என்பது என் எண்ணம். மழைக்காலம் ஊட்டிய ஈரம் முழுவதையும் அப்போது ஒரேயடியாக வெளியேற்றிவிடலாம். வாரத்துக்கு ஒரு முறையாவது முக்கால் மணி நேரம் இடைவிடாமல் ஓட்டுவது இதற்கு இணையான மருந்து. நின்ற இடத்தில் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பது தீங்கையே கூட்டும். நீர் உண்டாகும், அதை ஓட்டும் சூடு வராது. பழைய இன்ஜினுக்குத் தடித்த ஆயில் நல்லது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. தடித்த ஆயில் குளிர்ந்த இன்ஜினில் மேலே ஏறத் தாமதமாகும். கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள்தான் தேர்வு இருக்க வேண்டும். செம்பூரை ஒட்டிய மாகுலில் இருக்கும் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலை இந்த ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கிறது. நல்ல ஆயில் வாங்க இந்த ஊரில் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

டாக்ஸிக்கும் தனி நோய் இருந்தது. பழைய இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. எரிந்தபின் எஞ்சும் ஈயத்தின் உப்புகள் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே படிந்து, அடி வாங்கும் இடத்தில் மெத்தையாக நின்றன. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு அது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் அது நீக்கப்பட்டது சரியான முடிவு. அதையொட்டியே மும்பை டாக்ஸிகள் உயர்நீதிமன்ற உத்தரவால் சி.என்.ஜி.க்கு மாறின. வாயு எரிபொருளில் மெத்தையும் இல்லை, உள்ளே வரும்போது ஆவியாகி வால்வைக் குளிர்விக்கும் திரவமும் இல்லை. வால்வு தன் இருக்கையைக் குடைந்து மேலேறும், டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது, சூடான வாயு அந்த இடுக்கில் பீறிட்டு வால்வின் விளிம்பையே எரிக்கும். டாக்ஸி டிரைவர்கள் டேப்பெட் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு அடிக்கடி செட் செய்துகொண்டார்கள். பழைய காரில் சி.என்.ஜி. கிட் போட்டிருப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். டேப்பெட் கடகடவென்று சத்தம் போட்டால் கவலை குறைவு. சத்தமே இல்லாமல் அடங்கிப்போனால்தான் இடைவெளி மூடிக்கொண்டு வருகிறதோ என்று பார்க்க வேண்டும். டிக்கியில் இருக்கும் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தைத் தாங்குவது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அதற்கு நீரழுத்தச் சோதனை கட்டாயம். டிக்கிக்குள் மழைநீர் கசிந்து சிலிண்டரின் அடியில் தேங்கியிருக்கிறதா என்று அவ்வப்போது கையால் தடவிப் பார்ப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இனி துரு. இதைப் பற்றித்தான் இந்த ஊரில் அதிகம் பேச வேண்டும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். மழை பெய்தால்தான் நீர் என்று இல்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும், அரிப்பு வேகமெடுக்கும். அந்தப் படலத்தில் உப்பு கரைந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கரைசலாகிறது. தகட்டின் ஒரு புள்ளி எலக்ட்ரானை இழந்து கரைய, பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானைப் பெற, ஆயிரக்கணக்கான குட்டி பேட்டரிகள் அந்தத் தகட்டிலேயே ஓடும். உப்பில் உள்ள குளோரைடு அயனி, உலோகத்தின் மேல் உருவாகும் பாதுகாப்புப் படலத்தையும் துளைத்துவிடும்.

கடற்காற்றின் சூழ்ச்சி இதோடு நிற்பதில்லை. சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானே நீராகக் கசியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். மும்பையில் காற்று அவ்வளவு உலர்வது அபூர்வம். அதாவது மாஹிம் கழிமுகத்துக் காற்றில் வந்து காரின் அடியில் ஒட்டிய உப்பு, வெயில் காலத்திலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டே இருக்கும். மழையில் நனைந்த கார் காய்ந்துவிடும், உப்பு ஒட்டிய கார் முழுதாகக் காய்வதே இல்லை. செம்பூர் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் இருப்பதால் காற்றில் கந்தக டை ஆக்சைடும் சேர்கிறது. ஈரத்தகட்டில் அது கந்தக அமிலமாகி துருவுக்குத் துணை நிற்கும்.

துரு வெளியே தெரியும் இடத்தில் தொடங்குவதில்லை. கதவின் அடிவிளிம்பு, காலடிப் பலகைக்குக் கீழே ஓடும் கூட்டுத்தகடு, சக்கர வளைவின் உள்மடிப்பு, இவைதான் அதன் பிறப்பிடம். கதவுக் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் கதவுக்குள்ளேதான் விழும். அது வெளியேற அடிவிளிம்பில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். சேறு அவற்றை அடைத்துவிட்டால் கதவு ஒரு தொட்டி. இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு முதல் ஆறு மடங்காகும். உள்ளிருந்து உப்பிவரும் அந்தத் துருதான் பெயிண்டைக் கொப்பளமாகத் தள்ளுகிறது. வெளியே கொப்பளம் தெரிந்தால் உள்ளே தகடு பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள். டிங்கரிங் கடைக்காரர் அதன்மேல் பட்டி தடவிப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். அடுத்த மழைக்கு அதே இடத்தில் கொப்பளம் மறுபடி எழும்.

மாட்டுங்காக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து தோட்டங்களைச் சுற்றியுள்ள தெருக்களில் மரநிழல் தாராளம், அந்த நிழலில் நிறுத்துவது காருக்கும் சுகம். ஆனால் தூங்குமூஞ்சி மரத்தின் சின்னஞ்சிறு இலைகள் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியே உள்ளே விழுந்து மக்கிக் கறுப்புச் சேறாகும். அங்கேதான் மழைநீர் வடியும் வழி. அது அடைத்தால் நீர் டாஷ்போர்டுக்குப் பின்புறமாக இறங்கிக் கால்மிதிக்கு அடியில் தேங்கும். மிதியைத் தூக்கினால் அடியில் இருக்கும் கம்பளம் நனைந்திருக்கும், அதற்கும் கீழே தகடு ஆரஞ்சு நிறத்தில். மே மாதக் கடைசியில் பானெட்டைத் திறந்து, அந்தச் சல்லடையை எடுத்து, கைவிட்டு இலையை அள்ளி, ஒரு குவளை நீர் ஊற்றி அது சக்கரத்துக்குப் பின்னால் வடிகிறதா என்று பாருங்கள். காசே செலவில்லாத இந்த ஒரு வேலைக்கு ஈடாக எந்தப் பாலிஷையும் நான் சொல்ல மாட்டேன்.

மழைக்கு முன் கதவுத் துளைகளைக் கம்பியால் குத்திவிடுவது, மழை முடிந்ததும் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல நீரால் அழுத்தத்தோடு கழுவி முழுதாகக் காயவிடுவது, பிறகு அடியில் துருத்தடுப்புப் பூச்சு. இந்த வரிசை மாறக் கூடாது. ஈரமும் உப்பும் இருக்கும்போதே மேலே பூச்சு அடித்தால் இரண்டையும் உள்ளே வைத்துத் தைத்ததாகிவிடும்.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்யும் இடம் மாட்டுங்காவிலேயே இருக்கிறது. ஜி.ஐ.பி. ரயில்வே 1915-இல் தொடங்கிய மாட்டுங்கா பணிமனைக்கு ரயில் பெட்டிகள் கெட்டுப்போன பிறகுதான் வர வேண்டும் என்பதில்லை. கெடு வந்தால் வந்துவிட வேண்டும். ஓடும் நிலையில் இருந்தாலும் பெட்டியைத் தூக்கி, சக்கரத் தொகுதியைப் பிரித்து, துருவேறிய தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு பற்றவைத்து அனுப்புவார்கள். நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் கட்டிய எஃகுப் பெட்டிகளுக்குக் கழிவறையை ஒட்டிய தரைத்தகடுதான் முதல் எதிரி. அது ஓட்டை விழும்வரை யாரும் காத்திருப்பதில்லை. நம் தமிழர் குடும்பங்கள் பலவும் பல தலைமுறையாக அந்த ரயிலை நம்பி ஊருக்கும் பம்பாய்க்குமாகப் போய்வந்திருக்கின்றன. தம் காருக்கும் அதே கெடுவை வைத்துக்கொள்ளலாம் என்று பலருக்குத் தோன்றாததுதான் வருத்தம்.

கெடு வைத்து மாற்ற வேண்டியவற்றில் எல்லோரும் மறப்பது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில். உண்மையில் அது கிளைக்கால் வகைத் திரவம், நீரை இழுக்கும் குணமுள்ளது. டாங்கி மூடியின் காற்றுத்துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் காற்றின் ஈரம் மெல்ல உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால், தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இதே எண்கள் 230-உம் 155-உம்.

நகருக்குள் இந்த வித்தியாசம் தெரியாது. லோனாவாலாவிலிருந்து போர் காட் வழியே இறங்கும்போது தெரியும். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் அங்கே 500 மீட்டருக்கு மேல் கீழே வருகிறது. அந்த இறக்கத்தில் விடுபடும் ஆற்றல் சுமார் 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரப் போதுமானது. இன்ஜினும் காற்றும் ஒரு பங்கைத் தாங்கும், மிச்சம் நான்கு சக்கரங்களின் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். அந்த வெப்பத்தில் ஈரமேறிய பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் ஆபத்து. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் கால் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. ஆவியை அமுக்கலாம். மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுவதும், காட் இறக்கத்தில் இரண்டாம் மூன்றாம் கியரில் வருவதும் இதற்கான மருந்து. ஓடாத காருக்கும் இந்தக் கெடு உண்டு, ஈரம் சேர ஓட்டம் தேவையில்லை.

கூலன்ட் பற்றிச் சுருக்கமாக. இங்கே நீர் உறையாது, கூலன்ட் எதற்கு என்று குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அலுமினிய ஹெட்டும் வார்ப்பிரும்பு பிளாக்கும் ஒரே நீரில் நனைந்தால் மின்கலமாகி அலுமினியம் கரையும். அதைத் தடுக்கும் வேதிப்பொருள்தான் நமக்குக் கூலன்ட்டிலிருந்து வேண்டும். அதுவும் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். ரப்பருக்கும் வயது உண்டு. காற்றில் உள்ள ஓசோன் ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை வெட்டுகிறது, டயரின் பக்கச்சுவர் வெடிப்பு அதன் கையெழுத்து. டயரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும்போது இந்த எண்ணையும் பாருங்கள். மாருதி 800 போல டைமிங் பெல்ட் உள்ள கார்களில் பெல்ட்டுக்கும் கையேடு சொல்லும் ஆண்டுக் கணக்கு உண்டு.

பழைய காருக்குப் புதிதாக வந்திருக்கும் சோதனை, பெட்ரோலில் 20 சதவீத எத்தனால். எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே மைலேஜ் ஓரளவு குறையும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் டயாஃபிரங்களையும் அது ஊதவைத்து இளகச் செய்யும், ஈரத்தையும் இழுக்கும். எரிபொருள் குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் எத்தனால் தாங்கும் வகைக் குழாயாக மாற்றிவிட வேண்டும். சில நூறு ரூபாய் வேலை, தவறவிட்டால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும்.

மும்பையில் கார் வைத்திருப்பவர் வெள்ளத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. அப்படியொரு நாள் வராவிட்டாலும், கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் ஒவ்வொரு மழைக்காலமும் முழங்கால் தண்ணீர் உண்டு. நீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று வரும் வழியாக நீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், மேலேறும் பிஸ்டன் அமுக்க முடியாத நீரில் மோதும், கனெக்டிங் ராடு வளையும். அதுவரை பிழைத்திருந்த இன்ஜினை அந்த ஒரு சாவித் திருப்பல் கொன்றுவிடும். தள்ளிக்கொண்டு போய், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நீரை வெளியேற்றி, ஆயில்கள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.

15 ஆண்டு முடிந்தால் ஆர்.டி.ஓ. பாசிங், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை. 2022 ஏப்ரலில் இந்தப் புதுப்பித்தல் கட்டணம் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது, மாநிலத்தின் சுற்றுச்சூழல் வரி தனி. ஓட்டுகிறவர் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எவ்வளவு பராமரித்தாலும் பழைய காரில் ஏர்பேக் முளைக்காது, அதன் புகை புது விதிக்கு இறங்காது. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு அடிக்கடி போகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. ஊருக்குள் ஓட்டுகிறவர், கெடு தவறாதவர், தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு மெக்கானிக்குகள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். பத்மினிக்கும் சரி, மாருதிக்கும் சரி, தனியாகச் சட்டகம் கிடையாது. உடல்தகடுகளே பற்றவைக்கப்பட்டு எலும்புக்கூடாக நிற்கின்றன. இன்ஜினைக் கழற்றி வேறு மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், எலும்புக்கூட்டை மாற்ற முடியாது. வண்டியைத் தூக்கி, சஸ்பென்ஷன் போல்ட் பிடிக்கும் இடத்திலும், ஜாக்கி வைக்கும் இடத்திலும், சீட் பெல்ட் பூட்டியிருக்கும் தரையிலும் ஒரு கனத்த ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துவார்கள். தார் பூசி மறைத்திருந்தாலும் இந்தச் சோதனையில் வெளிப்பட்டுவிடும். முனை வழுக்கி மேல்துரு மட்டும் உதிர்ந்தால் தேய்த்துச் சுத்தம் செய்து பூச்சு அடிக்கலாம். கதவிலோ சக்கர வளைவிலோ ஓட்டை விழுந்தால் வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்கலாம். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்தில் முனை உள்ளே இறங்கினால் அந்தக் காரை யாருக்கும் விற்காமல், பதிவுபெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.